பிரஷர் மாத்திரை: காலையிலா, ராத்திரியிலா?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. இப்போது பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. அதை எப்போது போடுவது என்பதில்தான் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அப்பா காலை, அம்மா ராத்திரி.

அம்மா சொல்வதிலும் நியாயம் உண்டு. தூங்கும்போது ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். சிலருக்கு இறங்காது, அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுதல். ஸ்பெயினில் 19,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஹைஜியா ஆய்வு, படுக்கப்போகும்போது மாத்திரை போட்டவர்களுக்கு இதய, ரத்தநாளப் பாதிப்புகள் 45 சதவீதம் குறைந்ததாக 2019-ல் சொன்னது. நேரத்தை மாற்றினாலே இவ்வளவா? மருத்துவ உலகத்திலேயே பலர் நம்பவில்லை. எனக்கும் நம்பிக்கை வரவில்லை.

2022-ல் பிரிட்டனின் டைம் ஆய்வு வந்தது. 21,104 பேர், ஐந்து வருடத்துக்கு மேல் கண்காணிப்பு. மாரடைப்பு, பக்கவாதம், ரத்தநாள நோயால் மரணம் என எல்லாம் சேர்த்து, மாலையில் போட்டவர்களில் 3.4 சதவீதம், காலையில் போட்டவர்களில் 3.7 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. பிறகு கனடாவில் நடந்த ஆய்வும் அதையேதான் சொன்னது.

அப்புறம் எதை வைத்து முடிவெடுப்பது? மறதியை வைத்துத்தான். மாங்காய் சீசனில் அப்பா விடியுமுன் தோப்புக்குக் கிளம்பிவிடுவார். மாத்திரை அட்டை அலமாரியிலேயே கிடக்கும். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு மிச்சம். ஆனால் ராத்திரி களி சாப்பிட மட்டும் தவறாமல் வீட்டில் இருப்பார். அவர் போடுவது அம்லோடிபின். அதன் அளவு உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும் என்பதால், எந்த வேளையில் போட்டாலும் நாள் முழுக்கக் காக்கும்.

அம்மா கதை வேறு. அவர் மாத்திரையில் நீர் மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. அது சிறுநீரைக் கூட்டும். ராத்திரி இரண்டு முறை எழுந்து, இருட்டில் முற்றம் தாண்டிப் போக வேண்டும். அறுபத்தைந்து வயதில் தடுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு என்ன ஆவது? பிரஷர் ஆபத்தைவிட அதுதான் எனக்குப் பயம்.

போன மாதம் டாக்டரிடம் கேட்டுவிட்டு இரண்டு பேருமே கட்சி மாறினார்கள். அம்மாவுக்குக் காலை, அப்பாவுக்கு ராத்திரி. இந்த மாதம் அப்பாவின் அட்டையில் மிச்சம் ஒன்றே ஒன்று. அதுவும் கல்யாண வீட்டுக்குப் போன ராத்திரி.