எலி பிடிப்பதில் கெட்டி, பெருக்குவதில் கோட்டை விட்டார்கள்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பின்பக்கச் சரக்கறையில் எலித் தொல்லை தாங்காமல் பூச்சி, எலி ஒழிக்கும் நிறுவனம் ஒன்றைக் கூப்பிட்டேன், மூன்று தடவை வர 380 வெள்ளி. பெயரைப் போடவில்லை, வந்த தம்பி வேலைக்கு வேட்டு வைக்க மனசில்லை.

பிடிக்கிற வேலையில் குறையே சொல்ல மாட்டேன். டார்ச் அடித்து, சுவரோரம் கறுப்பாக ஓடிய பிசுக்குக் கோட்டைக் காட்டி, "அண்ணே, இதுதான் அதோட ரோடு" என்றார். எலி தினமும் ஒரே வழியில் உரசிப் போவதால் உடம்பு அழுக்கு படிகிற தடமாம், நான் இத்தனை நாளும் எண்ணெய் டின் உரசிய கறை என்றே நினைத்திருந்தேன். அந்தக் கோட்டிலேயே பொறி வைத்தார், முதல் ராத்திரியே இரண்டு கொழுத்த எலி மாட்டின. குழாய் நுழைகிற ஓட்டையையும் கம்பி வலை வைத்து சிமென்ட் பூசி அடைத்தார்.

அப்புறம்தான் வினை. அரிசி மூட்டைக்குப் பின்னால் காய்ந்து கிடந்த புழுக்கையை, முகக்கவசம்கூட இல்லாமல், ஃபேன் வேறு ஓடிக்கொண்டிருக்க, விளக்குமாற்றால் பரபரவென்று பெருக்க ஆரம்பித்துவிட்டார். கத்தித்தான் நிறுத்தினேன். என் தங்கை தாதி, ஹன்டா வைரஸ் பற்றி அவள் சொல்லித்தான் தெரியும். எலி கடிக்கவே வேண்டாம், மூத்திரமும் புழுக்கையும் காய்ந்து தூசியாகி மூக்கில் ஏறினால் போதும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், முதுகுவலி, கண் சிவப்பு, முற்றினால் ரத்த அழுத்தம் இறங்கி, சிறுநீரகம் படுத்து, சிறுநீரே வராமல் டயாலிசிஸ் வரை இழுத்துவிடும். கொரியப் போரில் 3,000க்கும் மேற்பட்ட ஐநா வீரர்களைப் படுக்கவைத்த காய்ச்சல் இது, அங்குள்ள ஹன்டான் ஆற்றின் பெயர்தான் வைரஸுக்கு. நகரத்து எலி பரப்புகிற சியோல் வகை அந்த அளவுக்குக் கொடுமையில்லை, ஆனால் தூரத்துக் கதை என்று தள்ளவும் முடியாது, நம்மூர் எலிகளிலேயே ஹன்டா வைரஸ் இருப்பதாக 2010இல் ஆய்வு வந்திருக்கிறது.

கதவைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, கையுறையோடு டிஷ்யூவால் துடைத்தெடுக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. போன் போட்டுக் கேட்டால் மேற்பார்வையாளர், "கிருமிநாசினி பேக்கேஜில் இல்லை சார்" என்கிறார். தினம் எலி வளைக்குள் கைவிடுகிற பிள்ளைக்கு ஒரு முகக்கவசம் கொடுப்பதுமா பேக்கேஜில் இல்லை?

இரண்டாம் தடவை தம்பி முகக்கவசத்தோடு வந்தார், தெளிப்பானும் பிளீச்சும் என் செலவு. மூன்று நட்சத்திரம், மூன்றுமே தம்பிக்கு.