கெர்னல் மெமரி கமெண்டுகள்: ஐந்து மார்க்கில் ஒரு ஃபைலுக்கு நாலரை, இன்னொன்றுக்கு மூன்று

டிவைஸ் டிரைவர் (ஹார்டுவேரை இயக்கும் நிரல்) எழுதுவது என் பிழைப்பு. லினக்ஸின் மையமான கெர்னலில் நான் ஓயாமல் திறக்கிற ஃபைல்கள் இரண்டு: ஸ்லாப்.ஹெச், ஜிஎஃப்பி_டைப்ஸ்.ஹெச். கோடைப் பார்க்க இல்லை, மெமரி கேட்பது பற்றி அங்கே எழுதியிருக்கும் கமெண்டுகளுக்காக.

ஸ்லாப்.ஹெச்சில், கெர்னலுக்குள் மெமரி கேட்கும் ஃபங்ஷனான கேமலாக்குக்கு மேலே உள்ள விளக்கத்தில் எனக்குப் பிடித்தது அலைன்மென்ட் பற்றிய வரி. கேட்கும் அளவு இரண்டின் அடுக்காக இருந்தால், கிடைக்கும் முகவரியும் அந்த அளவுக்காவது அலைன் ஆகியிருக்கும். 512 பைட் கேட்டால் 512-ஆல் வகுபடும் முகவரி. 2019-ல் வந்த 5.4 பதிப்பில்தான் இந்த உறுதி கிடைத்தது. அதற்கு முன்பும் பெரும்பாலும் அப்படித்தான் வரும்; மெமரிப் பிழைகளைத் தேட ஸ்லாப் டீபக்கிங்கை ஆன் செய்தால் கவிழ்த்துவிடும்.

ஆனால் மெமரியை எப்படித் தர வேண்டும் என்று கேமலாக்கிடம் சொல்லும் கொடிகளில் ஒன்றான ஜிஎஃப்பி_கெர்னல் பற்றி அங்கே இருப்பது: சாதாரண கெர்னல் ரேம், தூங்கலாம் (அதாவது மெமரி கிடைக்கும்வரை காத்திருக்கலாம்). அவ்வளவுதான். ஸ்பின்லாக்கை (பிடித்திருக்கும்போது தூங்கக் கூடாத பூட்டு) வைத்துக்கொண்டு இதைக் கூப்பிடக் கூடாது என்பதைப் புதிதாகச் சேர்ந்த பையன் எங்கே படிப்பான்? தூங்காமல் மெமரி கேட்கும் ஜிஎஃப்பி_அடாமிக் கொடியின் வரியில் இன்டரப்ட் ஹேண்ட்லர் (ஹார்டுவேர் குறுக்கிடும்போது ஓடும் கோடு) உதாரணம் ஒன்று முன்பு இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள். யாருக்கு இடைஞ்சலாக இருந்ததோ! அதனால்தான் இதற்கு மூன்று.

ஜிஎஃப்பி_டைப்ஸ்.ஹெச் வேறு தரம். டிஎம்ஏவுக்கான (சிபியு நடுவில் இல்லாமல் கார்டே மெமரியைத் தொடுவது) டிஎம்ஏ32 கொடியைப் பாருங்கள். 32-பிட் முகவரிக்கான கொடி என்று சொன்ன கையோடு, கேமலாக்கில் இதைப் போட்டால் அந்த மெமரி வராது, அதற்கான கேச் (தயாராக வைத்திருக்கும் மெமரித் தொகுப்பு) எழுதப்படவே இல்லை, கெர்னலில் அதைக் கேட்பவர் யாரும் இல்லை என்று காரணத்தையும் சொல்லிவிடுகிறது. இந்த வரி இல்லையென்றால், 32-பிட் முகவரிக்கு எட்டாதபடி 4 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள மெஷினில் மட்டும் கார்டு ஏன் குப்பையைப் படிக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் எங்கே போவது என்று மட்டும் சொல்லவில்லை. டிஎம்ஏவுக்கான மெமரி தரும் டிஎம்ஏ_அலாக்_கோஹெரன்ட் பக்கம் போகச் சொல்லி அரை வரி சேர்த்திருக்கலாம். ஐந்தில் அந்த அரை மார்க் அங்கே போய், இதற்கு நாலரை.

ஜிஎஃப்பி_அடாமிக்கும் இங்கே ஒழுங்காக இருக்கிறது: என்எம்ஐக்குள்ளும் (தடுக்க முடியாத இன்டரப்ட்) ரா_ஸ்பின்_லாக் (ஸ்பின்லாக்கின் கறாரான வகை) பிடித்திருக்கும்போதும் இது செல்லாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். புதியவர்கள் இந்த ஃபைலை முதலில் படித்துவிட்டு, அப்புறம் ஸ்லாப்.ஹெச்சுக்குப் போகலாம்.