கெரியா, கெர்ரியா, கிசியேரா: ஸ்பானிய மொழியில் பணிவாகக் கேட்பது எப்படி?

ஸ்பானிய மொழியில் ஒரு காபியைப் பணிவாகக் கேட்க, 'கெரேர்' (விரும்பு) என்ற வினையின் மூன்று வடிவங்கள் போட்டியிடுகின்றன: தொடர் இறந்தகாலமான 'கெரியா', நிபந்தனை வடிவமான 'கெர்ரியா', சப்ஜங்டிவ் எனப்படும் விழைவு வடிவமான 'கிசியேரா'. மூன்றும் இலக்கணப்படி சரியானவையே.

ஆக்குவதற்கு எளிது என்ற வகையில் நிபந்தனை வடிவத்தை மற்றவை நெருங்க முடியாது. 'அப்லார்' (பேசு) என்ற அகராதி வடிவில் எதையும் வெட்டாமல் 'இயா' என்ற விகுதியைச் சேர்த்தால் 'அப்லாரியா' கிடைத்துவிடும். இயா, இயாஸ், இயா, இயாமோஸ், இயாயிஸ், இயான் என்ற ஆறு விகுதிகளும் எல்லா வினைகளுக்கும் பொது. அடிச்சொல் திரியும் அடிப்படை வினைகள் 12 மட்டுமே. அவையும் எதிர்காலத்தில் திரிவது போலவே இங்கும் திரிகின்றன. முழு வினையோடு 'அபேர்' என்ற துணைவினையின் நிகழ்கால உருவம் ஒட்டித் தேய்ந்து எதிர்காலமாகவும், அதன் இறந்தகால உருவம் ஒட்டித் தேய்ந்து நிபந்தனை வடிவமாகவும் ஆனதே இந்த ஒற்றுமைக்குக் காரணம். தன்மை ஒருமைக்கும் படர்க்கை ஒருமைக்கும் ஒரே வடிவம் இருப்பது மட்டும், பேசுவேன், பேசுவான் என்று பழகிய நமக்குச் சற்று இடறும்.

'கிசியேரா' அவ்வளவு எளிதன்று. 'கிசியேரோன்' (அவர்கள் விரும்பினார்கள்) என்ற இறந்தகாலப் பன்மையை முதலில் அறிந்து, அதன் 'ரோன்' ஈற்றை நீக்கி 'ரா' சேர்க்க வேண்டும். இருந்தும் கடையில் இதுவே பாதுகாப்பானது. ஏனெனில் கெரியாவையும் கெர்ரியாவையும் பிரிப்பது ரகர ஒலியின் அழுத்தம் ஒன்றே. கரியையும் கறியையும் ஒன்றுபோல ஒலிக்கும் நாவுக்கு இது சோதனைதான்.

நிபந்தனைத் தொடரில் நிபந்தனை வடிவமும் விழைவு வடிவமும் போட்டியாளர்கள் அல்ல, கூட்டாளிகள். 'பணம் இருந்தால் வீடு வாங்குவேன்' என்ற தமிழ்த் தொடர், பணம் வர வாய்ப்புண்டா, வெறும் கற்பனையா என்று காட்டுவதில்லை. ஸ்பானிய மொழியில் கற்பனையென்றால் 'இருந்தால்' என்பதற்கு விழைவு வடிவமான 'துபியேரா'வும், 'வாங்குவேன்' என்பதற்கு நிபந்தனை வடிவமான 'கொம்ப்ராரியா'வும் வர வேண்டும். ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாடு, புர்கோஸ் போன்ற பகுதிகளில் முதற்பாதியிலும் 'தெந்திரியா' என்று நிபந்தனை வடிவத்தையே பேசுவோர் உண்டு. தேர்வுத்தாளில் அது பிழை.

ஆகவே 'கிசியேரா'வை மட்டும் தனிச்சொல்லாக மனப்பாடம் செய்துகொண்டு, 'பொத்ரியா' (முடியுமா), 'மே குஸ்தாரியா' (எனக்குப் பிடிக்கும்) போன்ற மற்றப் பணிவுச் சொற்களுக்கு நிபந்தனை வடிவத்தையே பழகுவதை நான் பரிந்துரைப்பேன். 'கெரியா'வைப் பயன்படுத்துவதிலும் தவறில்லை. அதில் பணிவு சற்றுக் குறைவாகத் தொனிக்கும், அவ்வளவே.