நிக்ரோம் கம்பி அனல்ஜீசியோமீட்டர்: மார்ஃபினுக்குச் சரி, ஆம்ஃபெட்டமினுக்கு?

எலி வாலில் சூடு காட்டி, எத்தனை நொடியில் சுண்டி இழுக்கிறது என்று பார்க்கும் 'டெயில் ஃபிளிக்' 1941-இல் டி'அமூரும் ஸ்மித்தும் வெளியிட்ட முறை. அது தண்டுவட அனிச்சை; மூளைத் தொடர்பை அறுத்தாலும் வால் சுண்டும்.

இந்த நேரத்தை வைத்து மருந்தின் வலியடக்கத்தை அளக்கும் கருவிதான் அனல்ஜீசியோமீட்டர். அதில் வாலைச் சூடாக்கும் ஒரு நிக்ரோம் கம்பி, அம்மீட்டர், மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், சுற்றுச்சூடு வாலை எட்டாமல் தடுக்கத் தண்ணீர் ஓடும் உறை. பழுதாக ஒன்றுமில்லை, அதுதான் இதன் பலம்.

மருந்தில்லாத எலி 2–4 நொடியில் சுண்டும்படி மின்னோட்டத்தை வையுங்கள். அநேகமாக 5 ஆம்பியர் பக்கம் நிற்கும். பிறகு குமிழைத் தொடக்கூடாது. சூடு மின்னோட்டத்தின் வர்க்கமாக ஏறும்: முள் 5-லிருந்து 5.5-க்கு நகர்ந்தால் 21 சதவீதம் கூடுதல். கரண்ட் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் இல்லாமல் வாங்க வேண்டாம். மாடித் தொட்டித் தண்ணீரையும் உறைக்குள் விடாதீர்கள். மதியத்தில் கம்பிக்கு முன்பே அதுவே வாலைச் சூடாக்கிவிடும். வாளித் தண்ணீரும் சின்ன பம்ப்பும் போதும்.

பெரிய குறை, தானாக அணையாது. 10 நொடி ஆனதும் ஸ்டாப்வாட்ச் பிடித்தவர்தான் வாலை எடுக்க வேண்டும். தவறினால் தோல் வெந்து, அன்றைய அளவெல்லாம் வீண்.

மார்ஃபின் 5 மி.கி./கிலோ தோலடியில் போட்டு 30 நிமிடம் கழித்துப் பாருங்கள். வலி நரம்பு முனைகளின் மியூ ஏற்பிகளில் (மார்ஃபின் வகை மருந்துகள் பற்றும் இடங்கள்) அது உட்கார்ந்து கால்சியம் நுழைவதைக் குறைப்பதால் நேரம் நன்றாக நீளும். மார்ஃபினை முறிக்கும் நலோக்சோன் 1 மி.கி./கிலோ போட்டதும் அந்த நேரம் சில நிமிடங்களில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மருந்தைவிடக் கருவியை முதலில் சந்தேகியுங்கள்.

ஆம்ஃபெட்டமினில்தான் சிக்கல். மார்ஃபினோடு சேர்ந்தால் வலியடக்கத்தைக் கூட்டும். ஆனால் மார்ஃபினே 10 நொடியை எட்டிவிட்டால் கூடுவது எப்படித் தெரியும்? மார்ஃபினை 2 மி.கி./கிலோவுக்குக் குறையுங்கள். இன்னொன்று, ஆம்ஃபெட்டமின் வால் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். குளிர்ந்த வால் சூடேற நேரம் பிடிக்கும். அனிச்சை மாறாமலே வலி குறைந்த மாதிரி எண் வரும். ஒவ்வொரு அளவுக்கும் முன் வால் தோலின் வெப்பநிலையைக் குறிக்கத்தான் வேண்டும். வெப்பநிலை உணரும் தெர்மிஸ்டருக்கு இந்தக் கருவியில் இடமே இல்லை, தனியாக வாங்குங்கள்.

வால் விலகுவதை ஒளி உணரியால் கண்டுபிடிக்கும் போட்டோசெல் மாடல் தானாக அணையும், நல்லதுதான். ஆனால் ஊசி போட்ட எலி அடைப்புக்குள் நெளிந்து வால் பள்ளத்திலிருந்து விலகினாலும் அது 'சுண்டியது' என்றே எழுதிக்கொள்ளும். கம்பி மாடலில் பார்ப்பவர் கண் அதைப் பிரித்துவிடும்.