480 யூரோ போச்சு: அயர்லாந்துல ‘பாரம்பரியப் பண்ணை’ தேடுறவங்க படிங்க

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன்.

ஆகஸ்ட் பேங்க் ஹாலிடேக்கு (திங்கக்கிழமை வர்ற பொது லீவு) அயர்லாந்து மேற்குல கிளேர் மாவட்டம் பக்கம் ஒரு பண்ணை ஹாஸ்டல். ஃபேமிலி ரூம், ரெண்டு ராத்திரி, காலைச் சாப்பாட்டோட 480 யூரோ. தங்குமிடம் புக் பண்ற பெரிய தளம் ஒண்ணுலதான் பிடிச்சேன். போட்டோவில கூரை வேய்ஞ்ச வீடு, டர்ஃப் (சதுப்பு நிலத்துல வெட்டிக் காய வச்ச மண்கட்டி) எரியுற அடுப்பு, கன்னுக்குட்டிக்குப் புட்டிப்பால் குடுக்குற குழந்தை. மன்னார்குடியிலேர்ந்து அப்பா வந்திருக்கார், ஆயுசு பூரா மாடு வச்சிருந்தவர். அவருக்காகவே தேடினது.

புக் பண்ணின அன்னைக்கே ஓனர் போன் பண்ணார். அப்பாவைப் பத்திச் சொன்னதும், “அப்போ காலைல அவரே பால் கறக்கட்டும்”னார். பிள்ளைங்க பேரு, வயசு எல்லாம் கேட்டுக்கிட்டார். கடைசியிலதான், “தளம் கமிஷன் பிடிக்குது. அங்க கேன்சல் பண்ணிட்டு என் அக்கவுண்டுக்கே அனுப்புங்க, அந்த மிச்சத்துல ராத்திரிச் சாப்பாடு நான் போடுறேன்”னார். பிள்ளைங்க பேரைக் கேட்டு வச்சுக்கிட்ட மனுஷன்! 480 யூரோவையும் உடனே அனுப்பினேன்.

போய் இறங்கினா ஃபேமிலி ரூம்ல வேற ஒரு குடும்பம். எங்களுக்குப் பின்னாடி கொட்டகை. எட்டு பங்க் கட்டில், மூணுல ஏற்கெனவே யார் யாரோட பையோ. சுவரெல்லாம் பூஞ்சணம். ஹீட்டர் ஓடணும்னா சுவத்துல இருக்கிற பெட்டியில காசு போடணும். ரெண்டு யூரோ போட்டா ஒரு மணி நேரம்கூடத் தாங்கலை, ராத்திரி பூரா என் வீட்டுக்காரர் சில்லறை தேடிக்கிட்டிருந்தார். அந்த போட்டோ அடுப்புக்குள்ள பிளாஸ்டிக் கட்டை, பின்னாடி சிவப்பு பல்பு. அப்பா வாசல்ல நின்னு ஒருதரம் மூச்சை இழுத்துட்டு, “மாடு இருக்கிற வீட்டுல சாணி வாசனை வேணாமாடி?”ன்னார். மாடே இல்லை. நிலத்தைப் பக்கத்து விவசாயிக்குக் குத்தகைக்கு விட்டாச்சாம். வேலிக்கு அந்தப் பக்கம் மேயுறதெல்லாம் அவரோடது.

பக்கத்து ஊர் டூலின், லிஸ்டூன்வார்னா எல்லாம் போன் போட்டுப் பார்த்தோம், லீவு நாள்ல ஒரு ரூம் கிடையாது. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு ராத்திரி இருந்துட்டு, ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பிட்டோம். காலைச் சாப்பாடுன்னா பாக்கெட் பிரெட், அதையும் நாமளே டோஸ்ட் பண்ணிக்கணும். வீட்டுக்கு வீடு சோடா பிரெட் சுடுற நாட்டுல!

பணம் கேட்டதுக்கு ஓனர், “கிராண்ட், கிராண்ட் (சரி, சரி), நாளைக்குப் பார்க்கலாம்”. திங்கக்கிழமை கேட்டா, “இன்னைக்கு பேங்க் லீவு”. செவ்வாய்க்கிழமை அவர் மனைவி எடுத்து, “கணக்கெல்லாம் அவர்தான்”. இப்போ நேரா வாய்ஸ்மெயில். தளத்துக்கு எழுதினா, “புக்கிங்கை நீங்களே கேன்சல் பண்ணியிருக்கீங்க”. பேங்க்ல, “நீங்களே ஒப்புக்கிட்டு அனுப்பின பணம்”. எங்க 480 யூரோவுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போ பொறுமை இல்லை. தளத்துக்கு வெளியில காசு அனுப்பாதீங்க, யார் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும். கார்டுல கட்டினா சார்ஜ்பேக் (பேங்க் மூலமா பணத்தைத் திரும்ப வாங்குறது) கேட்டுப் பார்க்கலாம். ‘ஹாலிடே ஹாஸ்டல்’னு பேர் போட ஃபால்ச்சா அயர்லாந்துல (அரசோட சுற்றுலா அமைப்பு) பதிஞ்சிருக்கணும், அங்க பேர் இருக்கான்னு முதல்ல பாருங்க. இந்த ஆள் பேர் இல்லை.

2000 யூரோ வரைக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ்ல (சின்னத் தொகை வழக்குக்கான கோர்ட் முறை) கேஸ் போடலாம், கட்டணம் 25 யூரோ. இன்னைக்கு ராத்திரியே போடுறேன். கிளேர் பக்கம் வேற யாராவது இப்படி மாட்டியிருந்தா எனக்குச் சொல்லுங்க, ரசீது, மெசேஜ் எது இருந்தாலும் உதவும்.