சொட்டு மருந்து ஆய்வில் ஏழு மாதம்: ஐந்துக்கு மூன்றரை

பரோட்டாக் கடைக்குக்கூட ஆளாளுக்கு நட்சத்திரம் போடுகிறோம். மருந்து ஆய்வில் சேர்ந்து வந்தவர் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எனக்கு 59 வயது, சிவகாசியில் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். இரண்டு கண்ணிலும் திறந்த கோண கிளாக்கோமா, பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வையை மெல்லப் பறிக்கும் நோய். அப்பாவுக்கும் இருந்தது, கடைசிக் காலத்தில் சுவரைத் தடவித்தான் நடந்தார். எனக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் தெரிந்தது. அந்த அழுத்தத்தைக் குறைக்கும் லட்டானோபிராஸ்ட் சொட்டு போட்டுக்கொண்டிருந்தபோது, புது மருந்து ஒன்றைப் பழைய மருந்தோடு ஒப்பிடும் ஆய்வில் சேருகிறீர்களா என்று கேட்டார்கள். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம்.

முதலில் குறை. சம்மதப் படிவம் 16 பக்கம், தமிழில்தான். ஆனால் அதைத் தமிழ் தெரிந்த ஒருவர் கடைசியாக ஒரு தடவை வாசித்துப் பார்த்திருக்க மாட்டார். யாருக்கு எந்த மருந்து என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது என்பதற்கு 'இரட்டைக் குருட்டு ஆய்வு' என்று போட்டிருந்தார்கள். கண் ஆஸ்பத்திரியில்! பக்கத்து நாற்காலி அம்மா அந்த வரியைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இத்தனைக்கும் ஆங்கிலப் பிரதியில் 'மாஸ்க்டு', அதாவது மறைக்கப்பட்டது, என்றுதான் இருந்தது. கண் ஆய்வுகளில் 'பிளைண்ட்' என்ற சொல்லைத் தவிர்ப்பது வழக்கமாம். அங்கே இருந்த கரிசனம் தமிழுக்கு வரும் வழியில் தொலைந்துவிட்டது. பழைய மருந்தை நிறுத்தி வைக்கும் காலத்துக்கு 'கழுவி வெளியேற்றும் காலம்' என்று பெயர். கண்ணைக் கழுவி விடுவார்களா என்று என் மனைவி கேட்டாள்.

படிவம் கெடுத்ததை ஒருங்கிணைப்பாளர் பெண் சரிசெய்தார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து சொன்னார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது. ஆய்வால் பாதிப்பு வந்தால், மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளின்படி இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. சி.டி.ஆர்.ஐ. பதிவு எண்ணையும் எழுதிக் கொடுத்தார். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளின் பதிவேடு அது. 2007-ல் தொடங்கி, 2009-லிருந்து கட்டாயம் ஆனது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். மகன் பார்த்தான், இருந்தது.

"வெறும் தண்ணியைக் கொடுத்துருவீங்களாம்மா?" என்று கேட்டேன். "இதுல இல்லீங்க சார், ரெண்டு பக்கமும் மருந்துதான்" என்றார். வெற்றுச் சொட்டோடு ஒப்பிட்ட ஆய்வும் உண்டு. இங்கிலாந்தில் 516 பேரை வைத்து நடத்தி, 2015-ல் முடிவு வந்தது. லட்டானோபிராஸ்ட் போட்டவர்களுக்குப் பார்வைப் பரப்பு குறைவது மட்டுப்பட்டது என்று அதில்தான் தெளிவானது. 1996-லேயே விற்பனைக்கு வந்த மருந்து அது. நான் தினமும் போட்ட சொட்டுக்குப் பின்னால் வெற்றுச் சொட்டு போட்டுக்கொண்ட யாரோ இருந்திருக்கிறார்கள். அதை நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால் பொய். பாதி காரணம், மருந்துச் செலவு மிச்சம்.

புது பாட்டில் தருவதற்கு முன், அந்தக் 'கழுவி வெளியேற்றும்' நான்கு வாரம் சொட்டு இல்லாமல் இருந்ததுதான் கஷ்டம். 17-ல் இருந்த கண் அழுத்தம் 26-க்குப் போனது. கண்ணில் ஒரு மாற்றமும் தெரியவில்லை, வலியும் இல்லை. அதுதானே இந்த நோயின் குணம். நடுவில் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு அளவுக்கு மேல் ஏறினால் ஆய்விலிருந்து எடுத்துவிடுவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் தூக்கம் பிடிக்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது கண் அழுத்தத்தை அளக்கும் விதம். காலை எட்டு, பத்து, மாலை நான்கு என்று ஒரே நாளில் மூன்று தடவை. மரத்துப்போக ஒரு சொட்டு, மஞ்சள் சாயம், பிறகு நீல வெளிச்சம் கண்ணைத் தொடும் தூரத்துக்கு வரும். ஒருவர் பார்த்துக்கொண்டே திருகுகிறார். எண்ணை அவர் பார்ப்பதில்லை. இன்னொருவர் எண்ணைப் படித்து எழுதிவிட்டு, திருகியைத் திருப்பி வைக்கிறார். மறுபடி முதலிலிருந்து. எங்கள் அச்சகத்தில் ஒருவர் மூலத்தை வாசிக்க, இன்னொருவர் புரூஃபில் பார்ப்போமே, அதே முறை. தான் எதிர்பார்ப்பதையே கண் படித்துவிடும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு. இவ்வளவு பார்க்கிறவர்கள் அந்தப் படிவத்தை எப்படி விட்டார்கள்?

எட்டு மணிக்கு அங்கே இருக்க, நான் மூன்றரைக்கே எழுந்து இரண்டு பஸ் மாற வேண்டும். பயணப்படி ஒரு வருகைக்கு 600 ரூபாய். முதல் தவணை வர இரண்டு மாதம் ஆனது. காலி பாட்டிலைக்கூடத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எடை போடுகிறார்கள். ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். கண் கொஞ்சம் சிவந்தது, இமை முடி நீண்டது. பேத்தி பொறாமைப்பட்டாள்.

முடிந்ததும் பழைய மருந்துக்கே திரும்பிவிட்டேன், சொந்தக் காசில். எனக்குக் கிடைத்தது எது என்பதை, எல்லோருக்கும் முடிந்து கணக்கைத் திறக்கும்போதுதான் சொல்வார்களாம். கடைசி நாளில் படிவத்தின் என் பிரதியைச் சிவப்பு மையில் திருத்தி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்தேன், மொத்தம் 41 பிழை. ஒரு எழுத்தை மாற்றினாலும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும், அனுப்பிப் பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.