இ-நாமில் கொப்பரை விற்பனை: சில பருவங்கள் பயன்படுத்திப் பார்த்ததில்

இ-நாம் (இணையவழித் தேசிய வேளாண் சந்தை) 2016 ஏப்ரல் 14 அன்று 21 மண்டிகளோடு தொடங்கியது. நம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் அதற்கு முன் மறைமுக ஏலம்தான். வியாபாரி குவியல் குவியலாகப் பார்த்து, சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார். இப்போது விலையைக் கைபேசியில் போடுகிறார், சரக்கைப் பார்க்க இன்னமும் நேரில் வருகிறார். நேரில் வர முடியாத வெளியூர்க்காரருக்குத் தர அறிக்கை ஒன்றே கண். அது ஒழுங்காக இல்லாத நாளில் உள்ளூர்க்காரர் நாலு பேர் மட்டுமே விலை போடுவார்கள், விலையும் அந்த அளவில்தான் நிற்கும்.

பதிவுக்கு ஆதார், வங்கிப் பாஸ்புக், கைபேசி எண் போதும். விவசாயியிடம் சந்தைக் கட்டணம் கிடையாது, வாங்குபவர்தான் 1 சதவீதம் கட்டுகிறார். வாசலில் சரக்கின் பெயர், மூட்டை எண்ணிக்கை, தோராய எடை ஆகியவற்றைப் பதிந்து லாட் (ஒன்றாக ஏலம் போகும் குவியல்) எண் தருவார்கள். இ-நாம் செயலியிலேயே முந்தின நாள் லாட்டைப் பதிந்துவிட்டால் வாசல் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். நல்ல கொப்பரையையும் கறுத்ததையும் ஒரே லாட்டில் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. வியாபாரி மட்டமானதைக் கணக்கில் வைத்தே மொத்தத்துக்கும் விலை போடுவார். பிரித்து இரண்டு லாட்டாகப் பதியுங்கள்.

அடுத்தது தர அறிக்கைக்கு மாதிரி எடுப்பது. இங்கே கூடவே நிற்க வேண்டும். மூட்டை வாயிலிருந்து ஒரு கை அள்ளினால் அது மாதிரி ஆகாது. நாலைந்து மூட்டைகளைக் கொட்டி, மேல், நடு, அடி மூன்றிலும் எடுக்கச் சொல்லுங்கள். அரவைக் கொப்பரைக்கு (எண்ணெய் ஆட்டுவது) அரசின் ஆதரவு விலைக் கொள்முதலில் ஈரப்பதம் 6 சதவீதம், பூஞ்சணம் பிடித்ததும் கறுத்ததும் சேர்த்து 10 சதவீதம் வரை என்பது வரம்பு. ஏலத்திலும் பேச்சு இதை ஒட்டியே போகும். களத்துச் சூட்டோடு ஈரப்பதமானியில் வைத்தால் அளவு முன்பின் ஆடும். நிழலில் ஆறவிட்டு, வேறு வேறு துண்டுகளில் மூன்று முறை பாருங்கள்.

இன்னும் காய வைப்பதா, அப்படியே கொடுப்பதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 9 சதவீத ஈரத்தில் 1000 கிலோ இருந்தால், 6 சதவீதத்துக்குக் காய்ந்ததும் 968 கிலோ நிற்கும். 32 கிலோ குறைகிறது. கிலோவுக்கு விலை 3.3 சதவீதத்துக்கு மேல் கூடினால்தான் காய வைப்பது கட்டுப்படியாகும், களத்துக்கூலி தனி. மழை மூட்டமாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், பூஞ்சணம் முந்திக்கொள்ளும்.

ஏலம் முடிந்ததும் வந்த விலையை ஏற்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். இந்த உரிமையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. பக்கத்துக் கூடங்களின் அன்றைய விலையைச் செயலியில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எடை போடும்போது சாக்குக் கழிவைக் கவனியுங்கள். சணல் சாக்கு அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், பிளாஸ்டிக் சாக்கு 100 முதல் 150 கிராம்தான். பிளாஸ்டிக் சாக்கில் கொண்டுபோன சரக்குக்குச் சணல் கணக்கில் கழித்தால் மூட்டைக்குச் சுமார் 400 கிராம் போகும். 40 மூட்டைக்கு அது 16 கிலோ. காலிச் சாக்கு ஒன்றைத் தராசில் வைத்துக் காட்டினால் வாக்குவாதமே இருக்காது.

பணம் வரத் தாமதமானால் பெரும்பாலும் காரணம் சின்னதுதான்: பெயரின் இனிஷியல் பொருந்தாது, அல்லது 2020 வங்கி இணைப்புக்கு முந்தைய ஐஎஃப்எஸ்சி எண் இன்னும் பதிவில் கிடக்கும். விற்கப் போகும் முன்பே சரிபாருங்கள். இ-நாம் தளத்துக்கு வெளியே கைப்பணமாக வாங்கினால், பின்னால் தகராறு வரும்போது காட்ட எதுவும் இருக்காது.

விலை பிடிக்கவில்லையா, சரக்கைக் கூடத்துக் கிடங்கில் அடமானமாக வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். சரக்கு மதிப்பில் 75 சதவீதம் வரை கிடைக்கும், 180 நாள் தவணை. கொப்பரைக்கு இது கொஞ்சம் ஆபத்தான வழி. ஐப்பசி அடைமழையில் கிடங்குக் காற்றின் ஈரத்தை அது திரும்ப இழுத்துக்கொள்ளும். 6 சதவீதத்துக்குக் கீழ் காய்ந்ததை மட்டும் ஏற்றுங்கள், தரையில் மரத்தட்டு போட்டு, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி.